ஓடாத காரும் ஓடும் மின்சாரமும்

சென்ற மாதத்தில் ஒரு மாலை, கல்லடியிலுள்ள என் தமக்கையார் இல்லத்து விறாந்தையிலே அமர்ந்திருந்தேன். வாவியிலிருந்து இதமான காற்று வந்துகொண்டிருந்தது. உள்ளே அறையொன்றில் மோட்டார்க் கார் ஒன்று பெருங்குரலெடுத்து உறுமிக்கொண்டிருந்தது. தமக்கையார் எனக்குத் தேநீர் வைப்பதற்காகக் குசினிக்குட் சென்று, கேத்தலின் சுவிச்சைப் போட்டார். ‘டக்’ என்றொரு சத்தம். வீடு முழுவதும் இருண்டது. காரின் உறுமலும் அக்கணமே அடங்கிற்று. “இன்றைக்கு இது மூன்றாந் தரம், தம்பி” என்று இருளுக்குள்ளிருந்து தமக்கையாரின் குரல் வந்தது.

அறைக்குள்ளே காரா என்று வாசகர்கள் மயங்க வேண்டா. அது சில்லில்லாத கார். ஓர் அங்குலமும் ஓடாத கார். இரும்புச் சட்டத்தின்மீது ஒரு பந்தயக் கதிரை. அதன் முன்னே ஸ்டியறிங்கும் பிரேக்கும். அவற்றுக்கப்பால் மூன்று திரைகள். சட்டத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு மின்மோட்டார்கள். திரையிலே கார் வளைவில் திரும்பினால் கதிரை சரியும். பிரேக்கை மிதித்தால் முன்னே குனியும். வீதி கரடுமுரடானால் உடம்பெல்லாம் அதிரும். இதனை இளைஞர்கள் ‘சிமியுலேற்றர்’ என்பார்கள். இரண்டாந் தரமாக வாங்கிய பொருள்களைக்கொண்டு, ஏறத்தாழ ஓராண்டு முயன்று, தன் கையாலேயே இதனைச் செய்தவன் என் மருமகன்.

விளையாட்டுக்கு இத்தனை ஆரவாரமா என்று முதலில் நானும் எண்ணியதுண்டு. ஆயினும் இப்பொறியின் குலமுறை சிறிதன்று. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், தம் தந்தையாரின் ஓர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் வேலை பழகியவர். ஓர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளையே கொண்டு, ஆடியசையும் சிறு விமானக் கூடொன்றை 1929 ஆம் ஆண்டளவில் அவர் அமைத்தார். இரண்டாவது உலகப் போர்க்காலத்திலே விமானிகள் பல்லாயிரவர், வானத்திற்குச் செல்லுமுன், அந்தக் கூட்டிலே இருந்துதான் பறக்கப் பழகினார்கள். பின்னர் 1950களில் எரிக் கஃப் என்னும் பொறியியலாளர் இங்கிலாந்தில் மோட்டார் டயர்களைச் சோதிப்பதற்கென ஆறு கால்களில் அசையும் மேடையொன்றை உருவாக்கினார். 1965 இல் ஸ்டுவர்ட் என்பவர் அத்தகைய மேடையை விமானப் பயிற்சிக்கு ஏற்றதாக எடுத்துக்காட்டினார். பெருநோய் பரவிய 2020 ஆம் ஆண்டிலே பந்தய மைதானங்கள் அடைபட்டபோது, பார்முலா வண் நடத்துவோர் அவ்வாண்டு மார்ச் மாதம் தொடக்கமாகச் சிமியுலேற்றர்களிலேயே பந்தயம் நடத்தினார்கள். மெய்யான பந்தய வீரர் சிலரும் அதிற் கலந்துகொண்டனர்.

நம்மவருக்கும் இத்துறை முற்றிலும் அந்நியமன்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005 இல் பார்முலா வண் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். 2024 ஆகஸ்டு இறுதியிலே சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய வீதிகளில் இரவுப் பந்தயம் நடந்தது. எங்கள் வாவிக்கரையிலே பந்தயப் பாதை இல்லை. பந்தயக் கார் வாங்கப் பணமும் இல்லை. ஆகவே ஆசையுள்ள இளைஞன் தன் அறைக்குள்ளே பாதை அமைத்துக்கொள்கிறான். அதனை நான் குறைகூறேன்.

நிற்க. வீடு இருண்டதல்லவா? மருமகன் ரோச் லைற்றுடன் வெளியே வந்தான். “மாமா, இந்த வீட்டுக்கு வருகிற கரண்ட் காணாது. மூன்று கட்ட இணைப்பு எடுக்க வேணும்” என்றான். தமக்கையார் அதன் செலவை எண்ணி முகஞ் சுருக்கினார். மருமகனோ குரலைத் தாழ்த்தி, “வயறிங் செய்கிற ஒருவர் வேறு வழி சொன்னார். அந்த ட்றிப் சுவிச்சைக் கழற்றிவிட்டு நேரே இணைத்தாற் போதுமாம், பிறகு ஒருநாளும் விழாதாம்” என்றான்.

நான் கல்லூரியிலே பௌதிகவியல் கற்பிப்பவன். இந்த இரண்டு யோசனைகளையும் கேட்டபோது, முதலாவது வீண் செலவு என்றும், இரண்டாவது உயிராபத்து என்றும் எனக்குத் தோன்றிற்று. ஆனால் தோன்றியதைச் சொல்வது ஆசிரியனுக்கு அழகன்று. கணக்கிட்டுக் காட்டுவதே அழகு. மேசைமேல் ஒரு மெழுகுதிரியை ஏற்றி, ஒரு தாளை எடுத்தோம்.

முதற்கணக்கு, இப்பொறி அதிகபட்சமாக எவ்வளவு கேட்கும் என்பது. மோட்டார் ஒன்று 750 வாற்று, நான்குக்கும் 3000. கணினிக்கு 600 என்று வைத்தோம். திரை ஒன்றுக்கு 40 வீதம் மூன்றுக்கும் 120. ஸ்டியறிங்கை எதிர்த்துத் திருப்பும் மோட்டாருக்கு 180. ஆக மொத்தம் 3900 வாற்று. நமது மின்சாரம் 230 வோல்ற்று ஆதலின், 3900 ஐ 230 ஆற் பிரித்தால் ஏறத்தாழ 17 அம்பியர் வரும். தமக்கையார் வீட்டு இணைப்போ, நம்மூர் வீடுகள் பலவற்றிலும் உள்ளது போன்ற ஒற்றைக்கட்ட 30 அம்பியர் இணைப்பு. அஃது 6900 வாற்றைத் தாங்கும். கேத்தலுக்கு 2000 வாற்றும், குளிர்சாதனப் பெட்டி, மூன்று மின்விசிறிகள், விளக்குகள் ஆகியவற்றுக்கு 500 வாற்றும் சேர்த்தாலும் கூட்டுத்தொகை 6400 தான். பொறி தன் முழுப் பலத்தோடும் ஓடிக்கொண்டிருக்கையிலே கேத்தலைப் போட்டாலும் வீட்டுக்கு வரும் மின்சாரம் போதும்.

இரண்டாங் கணக்கு, பொறி உண்மையில் எவ்வளவு கேட்கிறது என்பது. மோட்டாரின்மேல் 750 என்று பொறித்திருப்பது அதன் வல்லமையேயன்றி அதன் அன்றாட உழைப்பன்று. மருமகனும் கதிரையும் சட்டமும் சேர்ந்து 150 கிலோ என்று கொள்வோம்; மூன்று அரிசி மூட்டைப் பாரம். அதனை ஒரு செக்கனுக்கு 20 சதமமீற்றர் வேகத்தில் உயர்த்த வேண்டிய வலு, 150 ஐ 9.8 ஆலும் 0.2 ஆலும் பெருக்க வருவது: ஏறக்குறைய 294 வாற்று. உராய்வினாலும் வெப்பத்தினாலும் இதிற் பாதி வீணாகுமென்று கொண்டாலும் 600 வாற்று. அதுவும் தூக்கும் கணத்தில் மாத்திரமே. இறங்கும் கணத்தில் மோட்டார் மின்சாரம் உண்பதை விட்டுத் தானே டைனமோவாகி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். ஆகவே ஒரு மணி நேரத்தைச் சராசரியாகப் பார்த்தால், கணினி, திரை எல்லாவற்றையும் சேர்த்து, ஆயிரம் வாற்றுக்கு அண்மையிலேயே நிற்கும். அதாவது மணிக்கு ஓர் அலகு. நாம் பேச்சிலே ‘யூனிற்’ என்பது.

இங்கே மாணவர்கள் ஒரு வேறுபாட்டை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். வயர் சூடாவதும் பிரேக்கர் விழுவதும் ஒரு கணத்தில் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தவை. மாதமுடிவில் வரும் பட்டியலோ பல மணி நேரம் செலவான அலகுகளைப் பொறுத்தது. கேத்தல் கணத்தில் அதிகங் கேட்கும். ஆனால் பத்து நிமிடத்தில் மூன்றிலொரு அலகோடு அடங்கும். சிமியுலேற்றர் கணத்திற் குறைவாகக் கேட்டாலும், நாடோறும் இரண்டு மணி நேரம் ஓடினால் மாதத்திற்கு 60 அலகு. நமது நாட்டிலே அலகு கூடக் கூட அதன் விலையும் படிப்படியாக ஏறுமாதலால், அந்த 60 அலகும் வீட்டைக் கீழ்ப்படியிலிருந்து மேற்படிக்கு உயர்த்திவிடும். “பட்டியலில் ஏறுவதை உன் பணத்திற் கட்டு” என்று தமக்கையார் அங்கேயே தீர்ப்புக் கூறினார். மருமகனும் ஒப்புக்கொண்டான்.

சரி, மின்சாரம் போதுமென்றால் வீடு இருண்டது ஏன்? விநியோகப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். வாசகர்களும் தத்தம் வீட்டிலே இதனைப் பார்த்தறிதல் நன்று. பெட்டியிலே வரிசையாக நிற்கும் சிறிய சுவிச்சுகள் பிரேக்கர்கள். அளவுக்கு மிஞ்சி மின்னோட்டம் சென்றால் அவற்றில் ஒன்று விழும். அதற்குரிய பகுதி மாத்திரம் இருளும். அவற்றிலும் பெரியதாய், சிறு சோதனைப் பொத்தானொன்று உடையதாய் இருப்பதே ட்றிப் சுவிச். அன்று சிறிய பிரேக்கர்கள் யாவும் நிமிர்ந்தே நின்றன. விழுந்திருந்தது ட்றிப் சுவிச் ஒன்றே. எனவே வீட்டின் நோய் போதாமையன்று, கசிவு.

இச்சுவிச்சின் தொழிலை எங்கள் ஊர்க் காட்சியொன்றினால் விளக்கலாம். 2014 இல் மண்முனையிலே பாலம் திறக்கப்படும்வரை, எழுவான்கரையையும் படுவான்கரையையும் இணைத்து வாவியின் குறுக்கே ‘பாதை’ ஓடியதை மட்டக்களப்பார் மறந்திரார். அப்பாதையிலே காலையில் முப்பது பேர் சென்று, மாலையில் அந்த முப்பதின்மரும் திரும்பினால் கவலையில்லை. இருபத்தொன்பதின்மரே திரும்பினால், துறையில் நிற்பவர் மனம் பதறும். ஒருவர் நீரில் வீழ்ந்தாரோ என்று பாதையை உடனே நிறுத்துவார். ட்றிப் சுவிச்சும் துறையில் நின்று ஆளெண்ணும் காவற்காரனே. ஒரு வயரால் உள்ளே சென்ற மின்னோட்டமும் மற்றை வயரால் வெளியே வந்த மின்னோட்டமும் சமமா என்று கணந்தோறும் எண்ணும். குறைந்தால், அக்குறை வேறெங்கோ நிலத்திற்குப் போகிறது என்று பொருள். அந்த வழி ஒரு மனித உடம்பாகவும் இருக்கலாம்.

வீடுகளிலே வைக்கும் இச்சுவிச் 30 மில்லி அம்பியர் குறைவுக்குள் விழுந்தே தீரவேண்டும். அஃது எத்துணைச் சிறியதென்றால், 7 வாற்று இராவிளக்கொன்று எரிவதற்கு வேண்டிய மின்னோட்டம் அவ்வளவே. ஆனால் அதே மின்னோட்டம் மார்பினூடே பாய்ந்து நீடித்தால் இதயத் துடிப்புக் குலைந்து உயிர் போதல் கூடும். 20 அம்பியர் பிரேக்கருக்கோ அதுவொரு பொருட்டே அன்று. மனிதன் துடித்துக்கொண்டிருக்கையிலும் அது சும்மா நிற்கும்.

இனி, சிமியுலேற்றர் இக்காவற்காரனை எவ்வாறு குழப்பிற்று? நான்கு மோட்டார்களையும் செலுத்தும் நான்கு இலத்திரனியற் பெட்டிகள் உள. அவை உண்டாக்கும் மின்னிரைச்சலை அடக்குவதற்காக, ஒவ்வொன்றிலும் உள்ள வடிகட்டி சிறிதளவு மின்னோட்டத்தை நிலவயருக்கு அனுப்பும். பெட்டிக்கு மூன்று மில்லி அம்பியர் என்று கொண்டால் நான்குக்கும் பன்னிரண்டு. கணினியும் திரைகளும் தம் பங்குக்கு மேலும் சிறிது சேர்க்கும். ட்றிப் சுவிச்சோ 15 க்கும் 30 க்கும் இடையில் எவ்விடத்திலும் விழ உரிமையுடையது. இப்படி விளிம்பிலே நிற்கையில், உப்புக்காற்றுப் பட்டுப் பழகிய கேத்தலின் சூடாக்கும் கம்பி தன் சிறு கசிவையும் சேர்த்தது. ‘டக்’ என்றது அதுதான். கேத்தல் உண்டது 2000 வாற்று என்பதனாலன்று, அது கசியவிட்ட இரண்டொரு மில்லி அம்பியரினாலேயே வீடு இருண்டது.

“அப்படியென்றால் ஆபத்தில்லாத கசிவுதானே, மாமா? சுவிச்சைக் கழற்றினால் என்ன?” என்று மருமகன் கேட்டான். நியாயமான கேள்வி. நான் விடை சொல்லாமல் பின்முற்றத்தைக் காட்டினேன். அங்கே கிணற்றடியில் நீர்ப்பம்பி இருக்கிறது. எழுபத்தைந்து வயதான என் தாயார், நாடோறும் காலையில், வெறுங்காலோடு, நனைந்த நிலத்தில் நின்று, அதன் சுவிச்சைப் போடுவார். வீட்டுக்கு இருப்பது ஒரேயொரு ட்றிப் சுவிச். அறையிலே கார் தடையின்றி ஓடுவதற்காக அதனைக் கழற்றினால், கிணற்றடியில் அம்மாவுக்குக் காவலில்லை. ஈரக்கையோடு பம்பியைத் தொட்டு மாண்ட ஒருவரின் மரணவீட்டுக்கு நான் சிறுவயதிலே சென்றதுண்டு, அவ்வீட்டிலும் காவலில்லை. மருமகன் சிறிது நேரம் கிணற்றடியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சுவிச்சைக் கழற்றும் பேச்சை அவன் எடுக்கவில்லை.

மறுவாரம், தேர்ந்த மின்வேலைக்காரர் ஒருவரை அழைத்தோம். அவர் செய்தவை நான்கு.

முதலாவது, விநியோகப் பெட்டியிலிருந்து அறைக்குத் தனியான வழி ஒன்று இழுத்து, அதற்கென 20 அம்பியர் பிரேக்கரும், வேறாக ஒரு 30 மில்லி அம்பியர் ட்றிப் சுவிச்சும் வைத்தார். இப்புதிய வழி பழைய ட்றிப் சுவிச்சின் கீழே வராமல் அதற்குப் பக்கத்திலே பிரிந்து செல்கிறது. ஆதலால் காரின் கசிவு வேறு, வீட்டின் கசிவு வேறு; காவற்காரர் இருவர். இலத்திரனியற் பெட்டிகளுக்குப் பொருந்துவது ‘ஏ’ வகைச் சுவிச் என்பதையும் பார்த்தே வாங்கினோம். பழைய ‘ஏசி’ வகை அத்தகைய கசிவை எப்போதும் உணரும் என்பதற்கில்லை.

இரண்டாவது, பிளக்குகளைப் பிரித்தார். 13 அம்பியர் சதுரக்கால் பிளக் 2990 வாற்றுக்கு மேல் தாங்காது. மோட்டார்களையும் கணினியையும் திரைகளையும் ஒரே எக்ஸ்ரென்ஷன் வயரிற் கோத்து, அதனைச் சுருட்டிக் கதிரையின் கீழ் வைத்திருந்தான் மருமகன். மின்னோட்டம் இரட்டித்தால் வயரின் வெப்பம் நான்கு மடங்காகும். சுருட்டிய வயருக்கு அவ்வெப்பத்தை வெளிவிட வழியுமில்லை. பழைய வீடுகளில் உருண்டைக்கால் 5 அம்பியர் சொக்கெற்றிலே அடப்ரர் செருகிப் பெரிய பொருள்களை ஓட்டுவோரும் இதனைக் கவனிப்பாராக.

மூன்றாவது, நிலவயர். ட்றிப் சுவிச்சுக்கு அடுத்த காவல் அதுவே. கல்லடி மணற்பாங்கான நிலம். கோடையில் மேல்மணல் வறண்டால் மின்சாரத்தை ஏற்காது. நிலத்திலே அறைந்த செப்புக்கோல் ஈரம் வற்றாத ஆழத்தைத் தொடவேண்டும். எங்கள் கோல் ஆழமாய்த்தான் இருந்தது. ஆனால் அதன் தலையிலே வயரைப் பற்றிய பிடி உப்புக்காற்றிற் பச்சைக் களிம்பேறி, விரல் பட்டதும் உதிர்ந்தது. எத்தனை ஆண்டு உறுதியான நிலத்தொடர்பின்றி அவ்வீடு இருந்ததோ! சிமியுலேற்றர் வந்ததனால் அன்றோ அது வெளிப்பட்டது என்று எண்ணி, அப்பொறிக்கு மனத்துள் நன்றி கூறினேன்.

நான்காவது, கதிரையின் வலப்புறத்தே கைக்கெட்டும் இடத்தில் சிவப்புப் பொத்தான் ஒன்று. அழுத்தினால் மோட்டார்கள் உடனே நிற்கும். 150 கிலோவை விரைந்து அசைக்கும் பொறியின் கீழே பிள்ளையின் கையோ பூனையோ அகப்படலாகாது. மின்சாரம் தடைப்பட்டு மீளும்போது பொறி தானாக எழாதிருக்க, தடைப்பட்டவுடன் பிரதான சுவிச்சை நிறுத்தும் வழக்கத்தையும் மருமகன் ஏற்படுத்திக்கொண்டான். இடி முழக்கங் கேட்டால் பிளக்கைக் கழற்றிவிடுவது எங்கள் பகுதியில் எவரும் சொல்லாமலே அறிந்தது.

எல்லாம் மூன்று கட்ட இணைப்பின் செலவிலும் மிகக் குறைவாகவே முடிந்தன. நான் வைத்த நிபந்தனை ஒன்றே: மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை, நாடு முழுவதும் விளக்கேற்றும் வேளையிலே, கார் ஓடலாகாது. குப்பி விளக்கிலே பாடம் படித்தவன் நான். 2022 மார்ச் மாத இறுதியில், ஒரே நாளில் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நடந்ததை மருமகனும் மறக்கவில்லை. எல்லாரும் ஒரு கிணற்றில் அள்ளும்போது அண்டாவைக் கொண்டுபோவது முறையன்று என்றேன். ஒத்துக்கொண்டான், பந்தயம் இப்போது காலையிலும் பிற்பகலிலுமே நடக்கிறது.

சென்ற ஞாயிறு அம்மாவையும் அக்கதிரையில் ஏற்றினான் பேரன். மெதுவாகத்தான் ஓட்டினான். சரிந்தும் குலுங்கியும் ஒரு சுற்று முடிந்தது. “எப்படி அம்மம்மா?” என்று கேட்டான். “படுவான்கரையிலிருந்து நெல்லேற்றி வந்த மாட்டுவண்டிலும் இப்படித்தானடா குலுங்கும்” என்று சொல்லிக்கொண்டே இறங்கிய அம்மா, குசினிக்குட் சென்று கேத்தலைப் போட்டார். விளக்குகள் எரிந்தபடியே இருந்தன.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலே பந்தயக் கார் இல்லாதிருக்கலாம். நீர்ப்பம்பியோ சலவை இயந்திரமோ இருக்கும். இன்று இப்பத்திரிகையை மடித்து வைத்தபின், விநியோகப் பெட்டியைத் திறந்து, ட்றிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். ‘டக்’ என்று விழுந்தால் மீண்டும் நிமிர்த்திவிட்டுத் தேநீர் அருந்தலாம். விழாவிட்டால், அல்லது அப்படியொரு சுவிச்சே அங்கு இல்லாவிட்டால், நாளைக்கே தகுந்த ஒருவரை அழையுங்கள். அதுவரையில், அம்மாவைக் கிணற்றடிக்கு அனுப்பாமல் நீங்களே செருப்பணிந்து, கையைத் துடைத்துக்கொண்டு செல்லுங்கள்.